ஐரோப்பாவை மிரட்டும் வெள்ளம், வெப்ப அலை: கொல்லிமலை குண்டனி நாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2024 அக்டோபர் 29. ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் உள்ள ச்சிவா என்ற ஊரில் 8 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அன்றைய வெள்ளத்தில் 220-க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர்.

சரியாக ஐந்து வாரம்கூட ஆகவில்லை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள், டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவானது. கடற்கரையிலிருந்து 100 கி.மீ.-க்கும் அதிக தூரம் உள்ளே இருக்கும் ஊர் அது. அதே டிசம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து 7 பேர் பலியானார்கள்.

வலென்சியா மழையைப் பற்றி சில நாட்களிலேயே விஞ்ஞானிகள் ஒரு கணக்கு சொன்னார்கள். புவி வெப்பமடைதலால் இப்படிப்பட்ட மழை சுமார் 12 சதவீதம் கனமாகியிருக்கிறது, இது நடப்பதற்கான வாய்ப்பும் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கிறது என்பதுதான் அந்தக் கணக்கு.

இதே கேள்வியை ஊத்தங்கரைக்குத் தெற்கே சுமார் 100 கி.மீ. தள்ளி, நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் இருக்கும் குண்டனி நாட்டில் நின்று கேட்டால் பதில் கிடைக்குமா? ஐரோப்பாவில் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? அந்தக் கணக்கு நம் மலைக்கு ஏன் தேவை? விரிவாகப் பார்ப்போம்.

ஐரோப்பாவில் என்னதான் நடக்கிறது?

உலகின் மற்ற கண்டங்களைவிட ஐரோப்பா வேகமாகச் சூடாகி வருகிறது. 1980-களிலிருந்து பார்த்தால் உலக சராசரியைப் போல இரண்டு மடங்கு வேகம் என்கிறது உலக வானிலை அமைப்பு.

இதற்குக் காரணம் ஒன்றல்ல. கடலைவிட நிலம் சீக்கிரம் சூடாகும். வேகமாக உருகிவரும் ஆர்க்டிக் பகுதி பக்கத்தில் இருக்கிறது. வெப்ப அலைக்குச் சாதகமாகக் காற்றோட்டமும் மாறியிருக்கிறது. இன்னொரு காரணம் கேட்பதற்கு விநோதமாக இருக்கும். தொழிற்சாலைப் புகையை ஐரோப்பா கட்டுப்படுத்தியது. அந்தப் புகைத்துகள்கள் சூரிய ஒளியைக் கொஞ்சம் தடுத்து வைத்திருந்தன. காற்று சுத்தமானதும் மறைந்திருந்த வெப்பம் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது.

விளைவுகள் வரிசையாக வந்தன. 2003 கோடை வெப்பத்தில் ஐரோப்பா முழுவதும் சுமார் 70,000 பேர் கூடுதலாக இறந்ததாகப் பின்னர் வந்த ஆய்வு மதிப்பிட்டது. 2021 ஜூலையில் ஜெர்மனியில் மட்டும் வெள்ளத்துக்கு 180-க்கும் அதிகமானோர் பலி. 2022 ஜூலை 19 அன்று பிரிட்டனில் முதல்முறையாக வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, கோனிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3 டிகிரி பதிவானது.

"40 டிகிரியெல்லாம் ஒரு வெயிலா, நம்ம ஊர்ல சாதாரணம்" என்று தோன்றலாம். ஆனால் அங்குள்ள வீடுகள் குளிருக்காகக் கட்டப்பட்டவை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாது. ஏசி உள்ள வீடுகள் குறைவு, முதியவர்கள் அதிகம். அதனால்தான் 2022 கோடையில் மட்டும் ஐரோப்பாவில் 61,000-க்கும் அதிகமானோர் வெப்பத்தால் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

'இதற்கு காலநிலை மாற்றம்தான் காரணம்' என்று எப்படிச் சொல்கிறார்கள்?

வெள்ளமும் வெயிலும் அந்தக் காலத்திலும் இருந்ததுதானே? நியாயமான கேள்வி. விஞ்ஞானிகளும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

தாயக்கட்டையை எடுத்துக்கொள்வோம். நல்ல கட்டையை உருட்டினாலும் எப்போதாவது தாயம் விழும். கட்டையின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தேய்த்து எடையை மாற்றிவிட்டால் தாயம் அடிக்கடி விழும். இந்த ஒரு முறை விழுந்த தாயம் அதனால்தான் விழுந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தாயம் விழும் வாய்ப்பு எத்தனை மடங்கு கூடியிருக்கிறது என்று சொல்ல முடியும்.

வானிலைக்கும் அதே முறைதான். பெட்ரோல், நிலக்கரி எரித்து வந்த கூடுதல் வெப்பம் இல்லாத ஓர் உலகத்தைக் கணினியில் உருவாக்குகிறார்கள். இப்போதிருக்கும் உலகத்தையும் பக்கத்தில் வைக்கிறார்கள். இரண்டிலும் ஒரே மாதிரி மழை எத்தனை முறை வருகிறது, எவ்வளவு பெய்கிறது என்று ஒப்பிடுகிறார்கள். கூடவே பல பத்தாண்டு மழைப் பதிவுகளையும் சரிபார்க்கிறார்கள்.

2003 வெப்ப அலை பற்றி 2004-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இந்தத் துறைக்குப் பெரிய தொடக்கம். மனிதச் செயல்பாடுகள் அப்படியொரு கோடைக்கான வாய்ப்பைக் குறைந்தது இரண்டு மடங்காக்கிவிட்டன என்றது அது. இப்போது வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன் என்ற சர்வதேச விஞ்ஞானிகள் குழு, பேரிடர் நடந்த சில நாட்களிலோ வாரங்களிலோ இந்தக் கணக்கை வெளியிடுகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஃபிரெடெரிக்கே ஓட்டோ இதன் நிறுவனர்களில் ஒருவர்.

வெயிலுக்கு ஒரு பதில், மழைக்கு ஒரு பதில்

இந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை.

வெப்ப அலை என்றால் பதில் தெளிவாக வரும். பிரிட்டனின் 2022 வெப்பம் போன்ற ஒன்றுக்கான வாய்ப்பு குறைந்தது 10 மடங்கு கூடிவிட்டது என்றார்கள். 2025 ஜூன் கடைசியில் வந்த வெப்ப அலையில், 12 ஐரோப்பிய நகரங்களில் மட்டும் சுமார் 2,300 பேர் இறந்திருக்கலாம், அதில் சுமார் 1,500 மரணங்கள் காலநிலை மாற்றத்தால் கூடிய வெப்பத்தினால் நேர்ந்தவை என்று ஒரு விரைவு ஆய்வு மதிப்பிட்டது.

கனமழையிலும் அடிப்படை எளிதுதான். வெயில் நாளில் கொடியில் போட்ட துணி சீக்கிரம் காய்கிறது. சூடான காற்று அதிக ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு டிகிரி கூடினால் காற்று தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். அது மொத்தமாக இறங்கினால் கனமழை. ஆனால் எந்த ஊரில், எந்த மணி நேரத்தில் இறங்கும் என்பது காற்றையும் மலையையும் பொறுத்தது. அதனால் மழைக் கணக்கில் இழுபறி அதிகம்.

2021 ஜெர்மனி வெள்ளமே இதற்கு உதாரணம். ரைன் நதியில் கலக்கும் ஆர் என்ற சின்ன ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கில்தான் பெரும்பாலான உயிரிழப்புகள். அந்தப் பள்ளத்தாக்கை மட்டும் தனியாக ஆராய்ந்தபோது விஞ்ஞானிகளுக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. இடம் சின்னது, மழை ஆண்டுக்கு ஆண்டு அவ்வளவு மாறுகிறது. பிறகு மேற்கு ஐரோப்பாவின் பெரிய பரப்பை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். ஒரு நாள் மழையின் அளவு 3 முதல் 19 சதவீதம் வரையும், அது வரும் வாய்ப்பு 1.2 முதல் 9 மடங்கு வரையும் கூடியிருக்கிறது என்றார்கள். எவ்வளவு அகலமான இடைவெளி பாருங்கள்!

நம்மூரிலும் இப்படி ஒரு ஆய்வு நடந்தது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை ஆராய்ந்த சர்வதேசக் குழு, அந்த ஒரு நாள் கனமழையில் காலநிலை மாற்றத்தின் பங்கு தெளிவாகத் தெரியவில்லை என்றே சொன்னது. காற்றில் உள்ள மாசுத் துகள்கள் வெப்பத்தின் விளைவை மறைத்திருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன விளக்கங்களில் ஒன்று. ஏரி நீர் திறப்பிலும் வெள்ளத்தடுப்பிலும் நடந்த குளறுபடிகளை சிஏஜி அறிக்கை பின்னர் சுட்டிக்காட்டியது. எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போட முடியாது என்பதற்கு இது நல்ல பாடம்.

ஆனால் 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவை ஏற்படுத்திய மழை வேறு கதை. அந்த ஒரு நாள் மழை காலநிலை மாற்றத்தால் சுமார் 10 சதவீதம் கனமாகியிருந்தது என்று வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன் கூறியது. அந்தச் சரிவில் 250-க்கும் அதிகமானோர் இறந்தனர். காபியும் மிளகும் விளையும் மலை அது.

சரி, குண்டனி நாட்டுக்கு வருவோம்

வயநாடு மேற்குத் தொடர்ச்சி மலை, கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலை. ஆனால் இங்கும் காபி, மிளகுதான் முக்கியமான பணப்பயிர். சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். ஏறுவதற்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். மலையில் உள்ள ஊராட்சிகள் பெரும்பாலும் 'நாடு' என்ற பெயரில்தான் அழைக்கப்படுகின்றன. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, வாழவந்தி நாடு என்ற வரிசையில் குண்டனி நாடும் ஒன்று. இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலானோர் மலையாளி பழங்குடியினர்.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையுமே நம்பி நடப்பது மலை விவசாயம். இங்கே வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு பெய்தது என்பதைவிட, எப்போது பெய்தது என்பதுதான் பெரிய கேள்வி.

காபியை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்தால்தான் மொட்டு விரியும். இதைப் பூ மழை என்பார்கள். அடுத்த சில வாரங்களில் இன்னொரு மழை வந்தால்தான் பிஞ்சு நிற்கும். அறுவடை நேரத்தில் மழை விடாமல் பெய்தால் பழம் வெடிக்கும், உதிரும், களத்தில் காயப்போட முடியாது.

மிளகும் அப்படித்தான். பருவத் தொடக்க மழையில்தான் கொடியில் சரம் பிடிக்கும். நடுவில் நீண்ட வெயில் விழுந்தால் மணி குறையும். மாறாக, மழை நிற்காமல் கொட்டி வேரில் தண்ணீர் தேங்கினால் வாடல் நோய் வந்து, சில்வர் ஓக் மரத்தில் வருடக்கணக்காக ஏற்றிய கொடி சில வாரங்களில் பட்டுப்போகும். நெல் போனால் அடுத்த போகம் உண்டு. மிளகுக்கொடி போனால் மறுபடி காய்க்க மூன்று, நான்கு வருடம் காத்திருக்க வேண்டும்.

'மொத்த மழை குறையல, ஆனா வர்ற விதம் மாறிடுச்சு' என்ற பேச்சை மலையில் மட்டுமல்ல, கீழே சமவெளியிலும் கேட்கலாம். இடைவெளி நீள்வதும், பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும் சூடாகும் உலகத்தில் எதிர்பார்க்கப்படும் மாற்றங்கள்தான். ஐரோப்பாவில் பார்த்த அதே இயற்பியல்தான் இங்கேயும். ஆல்ப்ஸ் மலைக்கு ஒரு விதி, கொல்லிமலைக்கு ஒரு விதி என்று காற்றுக்குக் கிடையாது.

மலையும் மாறியிருக்கிறது

இதில் வானிலையை மட்டும் குறை சொல்வதும் சரியாகாது. கொல்லிமலையில் ஒரு காலத்தில் சாமை, கேழ்வரகு, தினை, வரகுதான் பிரதான சாப்பாடு. சாமையில் மட்டுமே கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று பல ரகங்கள் இருந்தன. முன்னே விளைவது, பின்னே விளைவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஒரு ரகம் மழையில் தவறினாலும் இன்னொன்று கைகொடுக்கும். விளைந்ததைத் தொம்பை என்ற குதிரில் சேமித்து வைப்பார்கள்.

சேலம், நாமக்கல் பகுதியில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகியதும் மரவள்ளிக்கு நல்ல கிராக்கி வந்தது. கையில் காசு வேண்டும், அதனால் சிறுதானிய நிலம் மரவள்ளிக்கு மாறியது. இதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் சரிவில் மரவள்ளி போட்டுக் கிழங்கைத் தோண்டி எடுக்கும்போது மண் இளகும். அந்த நேரத்தில் கனமழை கொட்டினால் மேல்மண் கீழே போய்விடும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கு சிறுதானிய ரகங்களை மீட்கவும், கிராம விதை வங்கிகள் அமைக்கவும் வேலை செய்துவருவதன் பின்னணி இதுதான்.

ஆக, ஒரு சேதத்தில் வானத்தின் பங்கு எவ்வளவு, நிலத்தை நாம் பயன்படுத்தும் விதத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிக்க வேண்டுமென்றால் முதலில் அளந்திருக்க வேண்டும்.

அளக்காத மழைக்கு யார் பொறுப்பு?

ஐரோப்பாவில் இந்தக் கணக்கைச் சில நாட்களில் போட முடிகிறது என்றால், அங்கு நெருக்கமான மழைமானிகளும் நூறாண்டு பதிவுகளும் இருக்கின்றன. அப்படியிருந்தும் ஆர் பள்ளத்தாக்குக்குத் தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை. மலையில் இது இன்னும் சிக்கல். ஒரு சரிவில் கொட்டும் மழை, அடுத்த சரிவில் தூறலோடு நின்றுவிடும். அடிவாரத்தில் உள்ள மழைமானி, மலை மேல் பெய்த மழையைச் சொல்லாது.

இது விஞ்ஞானிகளின் கவலை மட்டுமல்ல, விவசாயியின் பணப் பிரச்சினையும்கூட. வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டில் இழப்பீட்டை முடிவு செய்வது அந்தப் பகுதிக்கென்று குறிக்கப்பட்ட வானிலை நிலையத்தின் பதிவுதான். உங்கள் தோட்டத்தில் என்ன நடந்தது என்பது அதில் வராது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்திலும் பொதுவாக ஒரு பகுதியின் சராசரி மகசூலைத்தான் பார்ப்பார்கள். நிலச்சரிவு, வயலில் தண்ணீர் தேங்குவது போன்ற குறிப்பிட்ட சேதங்களுக்குத் தனி வயலைப் பார்த்துக் கணக்கிடுவார்கள். அதற்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். பாதையில் மரமும் பாறையும் விழுந்து கிடக்கும் நேரத்தில் இந்த 72 மணி நேரம் எவ்வளவு சீக்கிரம் ஓடிவிடும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கணக்குகள் இப்போது நீதிமன்றத்துக்கும் போகின்றன. பெரு நாட்டின் ஆண்டீஸ் மலை விவசாயி சவுல் லூசியானோ லியூயா, தன் ஊருக்கு மேலே பனியாறு உருகி ஏரி பெருகுவதற்கு ஜெர்மனியின் ஆர்டபிள்யூஇ மின் நிறுவனமும் பொறுப்பு என்று ஜெர்மனியிலேயே வழக்குப் போட்டார். 2025 மே மாதம் ஹாம் நகர உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவர் வீட்டுக்கு உடனடி ஆபத்து போதிய அளவு இல்லை என்பது காரணம். ஆனால் பெரிய அளவில் கார்பனை வெளியேற்றும் நிறுவனங்களைக் கொள்கை அளவில் பொறுப்பாக்க முடியும் என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. இந்தியாவில் ஒருவர் சராசரியாக ஆண்டுக்கு சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றுகிறார். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது இரண்டு மடங்குக்கும் அதிகம். மலையில் சாமை விதைப்பவரின் பங்கு எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் நியாயம் கேட்கப் போகும்போது முதல் கேள்வி 'உங்கள் ஊர்ப் பதிவு எங்கே?' என்பதாகத்தான் இருக்கும்.

எச்சரிக்கை இருந்தும் ஏன் இறந்தார்கள்?

அளந்தால் மட்டும் போதுமா? போதாது. இதையும் ஐரோப்பாவே காட்டிவிட்டது.

2021 வெள்ளத்துக்குச் சில நாட்கள் முன்பே ஐரோப்பிய வெள்ள எச்சரிக்கை அமைப்பு தகவல் அனுப்பியிருந்தது. வலென்சியாவில் ஸ்பெயின் வானிலைத் துறை காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை கொடுத்தது. ஆனால் மக்களின் செல்போனுக்கு அவசரச் செய்தி போனது இரவு 8 மணிக்கு மேல். அதற்குள் பல ஊர்களில் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. கருவி, கணினி, பணம் எல்லாம் இருந்த நாடுகளிலேயே, தகவல் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்வதில்தான் கோட்டை விட்டார்கள்.

தமிழ்நாடு என்ன செய்கிறது?

மாநிலம் முழுவதும் 1,400 தானியங்கி மழைமானிகள், 100 தானியங்கி வானிலை நிலையங்கள் அமைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு கையில் எடுத்தது. ஏற்காட்டிலும் ராமநாதபுரத்திலும் டாப்ளர் ரேடார் அமைக்கப்படும் என்றும் அறிவித்தது. ஏற்காட்டிலிருந்து கொல்லிமலை நேர்க்கோட்டில் சுமார் 60 கி.மீ. தூரத்துக்குள்தான். எனவே அந்த ரேடார் கொல்லிமலைக்கு முக்கியமானது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவும் அரசு அறிவித்தது.

மலைக்கு இதில் மூன்று விஷயங்கள் முக்கியம்.

* மழைமானி அடிவாரத்தில் மட்டும் நின்றுவிடாமல், மலை மேல் ஒவ்வொரு நாட்டுக்கும் பக்கத்தில் வர வேண்டும். அந்தப் பதிவைக் காப்பீட்டுக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும்.
* எச்சரிக்கை செல்போன் செய்தியோடு முடியாமல், ஊராட்சி, பள்ளி, ரேஷன் கடை வழியாக வாய்மொழியாகவும் போய்ச் சேர வேண்டும்.
* சாமை, கேழ்வரகு ரகங்களுக்கு விதையும் கட்டுப்படியாகும் விலையும் கிடைக்க வேண்டும். விலை இல்லாமல் 'சிறுதானியம் போடுங்க' என்று சொல்வதில் பலனில்லை.

இதில் இன்றே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. நேர்ச்சுவர் உள்ள ஒரு பாத்திரம், ஒரு அளவுகோல், ஒரு நோட்டு இருந்தால் பள்ளிப் பிள்ளைகளே தினமும் காலை 8.30 மணிக்கு மழையை அளந்து எழுதி வைக்க முடியும். வானிலை ஆய்வு மையம் 24 மணி நேர மழையைக் கணக்கெடுப்பதும் அதே நேரத்தில்தான். அரசுப் பதிவுக்கு அது ஈடாகாது. ஆனால் அடுத்த முறை கனமழை கொட்டும்போது, குண்டனி நாட்டில் அன்று எவ்வளவு பெய்தது, அதற்கு முந்தைய வருடங்களில் எவ்வளவு பெய்தது என்று காட்ட ஊரின் கையிலேயே ஒரு நோட்டு இருக்கும்.